கட்டுரை கேட்டார்கள், மனு கொடுத்தோம்

நம் பிள்ளைகளுக்கு எழுத வராது என்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபங்களில் மைக் பிடிக்கும் பெரியவர்கள் ஆண்டுதோறும் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அந்த வருத்தத்தில் உடன்பாடு இல்லை. நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே எழுத வரும். மனு எழுத வரும். கட்டுரை கேட்கிற இடத்திலும் மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. அந்தப் பழக்கம் அவர்களுக்குத் தானாக வரவில்லை. வருத்தப்படுகிற அதே பெரியவர்கள்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

முதலில் இந்தக் கட்டுரையை யார் கேட்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நான் எஸ்.டி.பி.எம். முடித்து உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவன். யு.பி.யு. வழியாகத்தான் போனேன். அங்கே கட்டுரை கிடையாது. தேர்வுப் புள்ளிகளுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு. பாடப்பிரிவுகளை வரிசைப்படுத்தி அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை சாமி கும்பிட வேண்டியதுதான். சில துறைகளுக்கு மட்டும் நேர்காணல் உண்டு. "நீ யார், ஏன் இந்த வேலைக்கு வந்தாய்?" என்று என்னை முதன்முதலில் கேட்டது ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலை. அப்போது எனக்கு வயது 23.

ஆகவே நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கேள்வி இரண்டே வாசல்களில்தான் வருகிறது. ஒன்று, அறக்கட்டளைகளும் பெரிய நிறுவனங்களும் கொடுக்கும் உபகாரச் சம்பளம். இன்னொன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். பிரிட்டனுக்கு விண்ணப்பித்தால் யூகாஸ் அமைப்பு 4,000 எழுத்துகளுக்குள் எழுதச் சொல்லும். அமெரிக்காவுக்கு என்றால் காமன் ஆப் 650 சொற்களுக்குள். பங்சாரிலும் மொந்த் கியாராவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து கேட்க ஓர் ஆலோசகர் இருக்கிறார். கிள்ளான் பிள்ளைக்கு இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை. காலை பசியாறலுக்கு மீ கோரெங், ஒரு தன்முனைப்புப் பேச்சாளர், ஒரு பவர்பாயிண்ட்.

அந்தப் பட்டறைகளில் உதவிக்கு நின்றிருக்கிறேன். எந்த இயக்கம் என்பது முக்கியமில்லை, ஏனென்றால் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே அச்சு. தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியற்காலை, இருட்டு, கொசு. அப்பாவுக்குப் படிப்பு ஏறவில்லை. அம்மாவின் கண்ணீர். நான் மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தேன். ஒரு திருக்குறள். நாளை நான் என் சமூகத்தைக் கைதூக்கி விடுவேன். "படிக்கிறவன் கண்ணுல தண்ணி வரணும். வந்தா ஸ்காலர்ஷிப் வரும்" என்று ஒரு பேச்சாளர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். மண்டபம் கைதட்டியது.

அப்படி ஒரு பட்டறைக்குப் பிறகு கிள்ளானைச் சேர்ந்த ஒரு மாணவி தன் கட்டுரையை ஆங்கிலம் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஆறாம் படிவம் முடித்தவர், தளவாடத் துறை சார்ந்த பொறியியல் படிக்க ஆசை. கட்டுரையில் பால்மரம், கொசு, மெழுகுவர்த்தி எல்லாம் வரிசையாக இருந்தன. தாத்தா எந்தத் தோட்டம் என்று சும்மா கேட்டேன்.

"தாத்தா தோட்டத்துல வேலை செய்யலண்ணா. ரயில்வேல இருந்தாரு. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்லதான் அப்பா பொறந்தாரு."

இதை யோசித்துப் பாருங்கள். இந்தப் பெண்ணுக்கு உண்மையான ஒரு தாத்தா இருக்கிறார். ரயில் ஓடிய ஒரு வட்டாரம் அவருடையது. அந்தத் தாத்தாவைத் தள்ளிவிட்டு, பட்டறை ஒரு பொதுத் தாத்தாவைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். கொள்கலன் லாரி ஓட்டுகிறார், போர்ட் கிள்ளானில். சம்பளம் பயணக் கணக்கில். துறைமுக வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. இந்தப் பெண் நான்காம் படிவத்திலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் அப்பாவின் பயணங்களைக் குறித்துவருகிறார். எந்த டிப்போவில் எத்தனை மணி நேரம், எந்தக் கிழமையில் வரிசை நீளும், கப்பல் மூடும் நாளுக்கு முதல் நாள் ஏன் எல்லா லாரியும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. அதை வைத்து அப்பாவிடம் "நாளைக்குக் காலைல போங்கப்பா, சாயங்காலம் வேண்டாம்" என்று சொல்லுவாராம். சில நாள் அப்பா கேட்பார், சில நாள் கேட்கமாட்டார். பத்து நிமிடத்தில் இவ்வளவும் தமிழில், மூச்சுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "இதெல்லாம் எழுதலாமாண்ணா?"

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. எழுதக்கூடாது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் எழுதத் தகுந்தது எது என்று பதினொரு பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் தமிழ்ப்பள்ளியிலேயே தொடங்குகிறது. நாம் எல்லோரும் தன்கதை எழுதியவர்கள்தான். 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு காலணி'. தொழிற்சாலையில் பிறப்பேன். விலை ஒட்டுவார்கள். ஒரு சிறுவன் என்னை வாங்குவான். என்னை அன்பாகப் பயன்படுத்துவான். ஒருநாள் நான் உடைந்துபோவேன். என்னைத் தூக்கிக் குப்பையில் எறிவார்கள். அங்கே கிடந்து என் கதையைப் புலம்புவேன். இந்த வினைச்சொற்களைக் கவனியுங்கள். வாங்கினார்கள், பயன்படுத்தினார்கள், எறிந்தார்கள். எல்லாமே மற்றவர்கள் எனக்குச் செய்தவை. ஒரு பிள்ளை 'நான்' என்ற சொல்லை முதன்முதலாக நீளமாக எழுதிப் பழகுவது ஒரு பொருளாக இருந்துதான். நடுவில் மரபுத்தொடர் ஒன்று, இரட்டைக்கிளவி ஒன்று, குறள் ஒன்று சேர்த்தால் ஆசிரியர் சிவப்பு மையில் கோடிட்டு 'நன்று' போடுவார். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிந்தது. மாதிரிக் கட்டுரையை மனனம் செய்யும் புத்தி ஒழியவில்லை.

அடுத்த பயிற்சி எஸ்.பி.எம். முடிந்ததும். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு இடம். கிடைக்காதவர்கள் மேல்முறையீடு செய்ய வேண்டும். எத்தனை ஏ எடுத்தாலும் கிடைக்காமல் போன பிள்ளைகளின் செய்தி தமிழ் நாளிதழ்களில் வருடா வருடம் வரும். 2024-இல் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனவேறுபாடின்றி இடம் என்று பிரதமர் அறிவித்தார். அதற்குக் கீழே எடுத்தவர்களுக்குப் பழைய வழிதான்: மேல்முறையீட்டுக் கடிதம், அதன் நகல் ஒரு டத்தோவுக்கு, இன்னொரு நகல் ஒரு சேவை மையத்துக்கு. 17 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி எழுதும் முதல் அதிகாரப்பூர்வக் காகிதமே கெஞ்சல். தகுதி இருந்தும் கெஞ்ச வேண்டிய நிலையை உண்டாக்கியது அரசாங்கக் கொள்கை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கெஞ்சலின் தொனி பிள்ளையின் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பிறகு யாரும் கெஞ்சச் சொல்லாத இடத்திலும் அதுவே வருகிறது.

அதற்கும் பின்னால் போனால் கிராணி நிற்கிறார். தோட்டத்தில் எழுதத் தெரியாதவர்களுக்குக் கிராணியோ வாத்தியாரோ எழுதிக் கொடுப்பார்கள். சொல்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். சொல்பவரின் வாழ்க்கை எழுதுபவருக்குத் தெரிந்த நாலு வாசகத்துக்குள் அடங்கிவிடும். இன்று பட்டறையில் மைக் பிடிப்பவர் அந்த வேலையைத்தான் செய்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்குச் சொன்னவருக்கு எழுதத் தெரியாது. இன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மூன்று மொழியில் எழுதும்.

"கொள்கையெல்லாம் பேசலாம் தம்பி, ஆனா அந்தக் கண்ணீர்க் கதைதான் வேலை செய்யுது" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். வேலை செய்கிறதா? 2007-இல் யூகாஸ் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை மென்பொருளில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியால் பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதையை 234 பேர் எழுதியிருந்தார்கள். முதுமையாலோ நோயாலோ தளர்ந்த தாத்தா 175 பேருக்கு இருந்தார். இணையத்தில் கிடைத்த மாதிரிகளிலிருந்து எடுத்தவை. அங்கேயும் ஒரு பொதுத் தாத்தா! அப்புறம் எல்லா விண்ணப்பத்தையும் நகல் சோதிக்கும் மென்பொருள் வழியாக ஓட்டத் தொடங்கினார்கள். நம் பால்மரத் தாத்தாவை ஓர் அறக்கட்டளை அதிகாரி ஒரே வாரத்தில் எத்தனை முறை சந்திப்பார் என்று நினைக்கிறீர்கள்? ஐந்தாவது தாத்தாவுக்குப் பிறகு அவர் கண்ணில் தண்ணீர் வராது. கொட்டாவி வரும்.

இதைவிட மோசமானது அமெரிக்காவில் நடந்தது. லூசியானா மாநிலத்தில் டி.எம். லேண்ட்ரி என்று ஒரு சிறிய தனியார் பள்ளி. கறுப்பின மாணவர்கள் ஹார்வர்டிலும் யேலிலும் இடம் கிடைத்துத் துள்ளிக் குதிக்கும் காணொளிகளால் உலகப் புகழ் பெற்றது. 2018 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் அதன் பின்னணியை வெளியிட்டது. மதிப்பெண் பட்டியல்கள் திருத்தப்பட்டிருந்தன. கட்டுரைகளில் வறுமையும் வன்முறையும் மிகைப்படுத்தப்பட்டோ இட்டுக்கட்டப்பட்டோ இருந்தன. கறுப்பர் வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வெள்ளைக்காரர் மனதில் ஏற்கெனவே இருக்கும் படத்துக்குப் பொருத்தமாக அவை எழுதப்பட்டிருந்தன. தங்கள் அப்பாவைப் பற்றி அப்படி எழுதப்பட்டதோடு அந்தப் பிள்ளைகள் வாழ வேண்டும். நம் கிள்ளான் மாணவியின் அப்பாவுக்குப் "படிப்பு ஏறவில்லை" என்று எழுதச் சொன்னவர், அந்த அப்பா மகளின் நோட்டுப் புத்தகத்தைப் படித்து வண்டி எடுக்கிறவர் என்பதை அறியமாட்டார்.

இங்கே இரண்டு ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாவது: "ஏழையை ஏழை என்று எழுதக்கூடாதா?" தாராளமாக எழுதலாம். ஆனால் உபகாரச் சம்பளப் பாரங்களில் குடும்ப வருமானத்துக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. சம்பளச் சீட்டு இணைக்கிறோம். பி40 என்பது அங்கேயே தெரிந்துவிடும். தெரிந்ததையே மறுபடியும் 500 சொற்களில் சொன்னால், இந்தப் பிள்ளை என்ன யோசிக்கும் என்பதைச் சொல்ல இடமே இருக்காது. யூகாஸ் 2026 சேர்க்கையிலிருந்து பழைய ஒற்றைக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டது. இந்தத் துறையை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்தது உன்னை அதற்கு எப்படித் தயார்படுத்தியது? பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்தாய், அது எப்படிப் பயன்படும்? மூன்றில் ஒன்றுகூட "நீ எவ்வளவு பாவம்?" என்று கேட்கவில்லை. வறுமை பதிலுக்குள் வரவேண்டியிருந்தால் வரட்டும், துல்லியமாக வரட்டும். துறைமுக வாசலில் நான்கு மணி நேரம் காசில்லாமல் நிற்கும் லாரி என்பது வறுமைதான். கூடவே அது ஒரு பொறியியல் கேள்வியும்.

இரண்டாவது: "இந்தக் கட்டுரையே மேல்தட்டுக்காரர்களின் விளையாட்டு." இதில் உண்மை இருக்கிறது. 1920களில் ஹார்வர்டு, யேல் போன்ற பல்கலைக்கழகங்கள் தேர்வில் ஜெயித்து உள்ளே வந்த யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் 'குணநலன்' பார்க்கத் தொடங்கின. கட்டுரை, நேர்காணல், சிபாரிசுக் கடிதம் எல்லாம் அந்த வழியில் வேரூன்றியவை. பிறப்பு சுத்தமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி நம் பிள்ளையின் மேசைக்கு வந்துவிட்டது. விளையாட்டு அநியாயம் என்பதற்காக வேறொருவர் வாழ்க்கையை எழுதிக் கொடுத்தால் அநியாயம் குறையாது. நம் பிள்ளை மட்டும் காணாமல் போகும்.

மனுவை நான் கேவலப்படுத்துவதாக யாரும் நினைக்க வேண்டாம். இதே கிள்ளானில் 1941-இல் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்றார், மே மாதம் கைதாகி நாடு கடத்தப்பட்டார், இராணுவத்தை விட்டுப் போராட்டத்தை ஒடுக்கினார்கள். அவர்களின் கோரிக்கைப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையின் முன்னாலும் தோட்டத்து அதிகாரிகள் முன்னாலும் சைக்கிளில் ஏறிப் போகும் உரிமை. அதுவரை அவர்களைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

"நாங்கள் அவமதிக்கப்படுகிறோம், தயவுசெய்து கருணை காட்டுங்கள்" என்று அவர்கள் பொதுவாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. சைக்கிள் என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியில் துரை இருக்கிறார், மண் சாலை இருக்கிறது, இறங்கும் காலின் கூச்சம் இருக்கிறது. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே கூர்ந்து பார்த்தவர்களால்தான் அதை எழுத முடியும். நம் பள்ளிகளில் ஆயிரமாயிரம் 'நான் ஒரு மிதிவண்டி' எழுதப்பட்டிருக்கிறது. இந்த மிதிவண்டியை யாரும் எழுதச் சொன்னதில்லை.

ஆகவே உதவி செய்ய விரும்புகிறவர்களுக்கு என் வாதம் இதுதான்: பேனாவை எடுக்காதீர்கள், கேளுங்கள். தமிழில் கேளுங்கள். பிள்ளை வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறதோ அந்த மொழியில். ஆங்கில இலக்கணம் கடைசி நாள் வேலை. யோசனை முதல் நாள் வேலை. நான் வேலை செய்யும் இடத்தில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் அறிக்கை எழுத வேண்டும். 'இயந்திரம் மிகவும் சிரமப்பட்டது' என்று எழுதினால் மேலாளர் சிரிப்பார். எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு, என்ன சத்தம், அதற்கு முன் யார் எதைத் தொட்டார்கள் என்று எழுத வேண்டும். பிறகு ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்க வேண்டும். டொயோட்டா கொடுத்த பழக்கம். பிள்ளையிடமும் அதே மாதிரி கேட்கலாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கே இருப்பாய்? வீட்டில் எது கெட்டுப்போனால் உன்னைக் கூப்பிடுவார்கள்? எந்த விஷயத்தில் உன் எண்ணம் மாறியது? ஏன்? அதற்கும் ஏன்?

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேலே பக்கத்து இருக்கைப் பிள்ளையின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் அடித்துவிடுங்கள். குறள் இருந்தால், அந்தக் குறள் இல்லாமல் பத்தி விழுந்துவிடுமா என்று பாருங்கள். விழாது என்றால் வள்ளுவரை நிம்மதியாக விட்டுவிடுங்கள். 2022 நவம்பருக்குப் பிறகு இந்தச் சோதனை இன்னும் அவசியம். பால்மரம், மெழுகுவர்த்தி, சமூகத்தைக் கைதூக்கி விடுவது எல்லாவற்றையும் சாட்ஜிபிடி அரை நிமிடத்தில், நம் பேச்சாளரைவிட நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தரும். நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் டிப்போவின் வரிசை அதற்குத் தெரியாது.

இதை நான் இங்கே எழுதக் காரணம், இந்த இதழைப் படிப்பவர்களிடம்தான் அந்தக் கட்டுரைகள் வந்து சேர்கின்றன. நீங்கள் புத்தகம் படிப்பவர் என்று குடும்பத்தில் தெரியும். ஆகவே அத்தை மகளோ பக்கத்து வீட்டுத் தம்பியோ இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பி, "அண்ணா, கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க, நாளைக்கு டெட்லைன்" என்பார்கள். உங்களுக்கு நல்ல நடை இருக்கிறது. அரை மணி நேரத்தில் அழகான ஒன்றை எழுதிக் கொடுத்துவிட முடியும். நேர்காணலில் அந்தப் பிள்ளை தனியாக உட்காரும்போது உங்கள் நடை பக்கத்தில் இருக்காது.

கிள்ளான் மாணவி கட்டுரையைத் தானே மறுபடி எழுதினார். ஆங்கிலம் சில இடங்களில் தடுக்கியது, இலக்கணப் பிழைகளை மட்டும் காட்டினேன், அவரே திருத்தினார். தாத்தா ரயில்வேக்குத் திரும்பினார், ஒரே ஒரு வரியில். மீதியெல்லாம் லாரி வரிசை. அனுப்பியாகிவிட்டது, பதில் இன்னும் வரவில்லை. போன வாரம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். அப்பா கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னாராம், மலாயில் மொழிபெயர்த்துக்கொண்டே படித்தாராம். அப்பா கேட்டுவிட்டு, ஒரு டிப்போவின் பெயர் தப்பு என்று சொன்னாராம்.